போதைக் காளான் என் தம்பியின் மனச்சோர்வைத் தீர்க்குமா?

கோவையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார் (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்). அவருடைய தம்பிக்கு 29 வயது, மென்பொருள் வேலை. ஐந்து ஆண்டுகளாக மனச்சோர்வு. முதலில் எடுத்த செர்ட்ராலின் பலன் தரவில்லை. இப்போது எஸ்சிட்டலோப்ராம் 20 மி.கி. சாப்பிடுகிறார், போன வருடத்திலிருந்து அதோடு லித்தியம் 600 மி.கி. வேலைக்குப் போகிறார், சாப்பிடுகிறார், ஆனால் "உயிர் இல்லாத மாதிரி இருக்குக்கா" என்கிறார். நான்கு மாதமாக, மனத்தின் உணர்வையே சில மணி நேரம் மாற்றிவிடும் எல்.எஸ்.டி., போதைக் காளான் போன்ற சைக்கடெலிக் மருந்துகள் பற்றிய காணொளிகளே கதி. "1950-களில் எல்.எஸ்.டி. கொடுத்து 40,000 பேரைக் குணமாக்கினார்கள். மருந்துக் கம்பெனிகளும் அமெரிக்க அரசும் அதை மூடி மறைத்துவிட்டன. இப்போது பெரிய பல்கலைக்கழகங்களே நிரூபித்துவிட்டன" என்று வாதாடுகிறார். அடுத்த மாதம் நண்பர்களோடு கொடைக்கானல் போய் போதைக் காளான் சாப்பிடப் போகிறாராம். அதற்கு இரண்டு வாரம் முன்பே எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிடும் திட்டமும் இருக்கிறது. தாய்மாமா ஒருவர் 22 வயதில் மனநோய் வந்து கீழ்ப்பாக்கம் மருத்துவமனையில் பல மாதம் இருந்தவர். அவருக்கு என்ன நோய் என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. அம்மாவோ, "அவன் மாத்திரையை நிறுத்தினா காபியில கலந்து குடுத்துடலாம்" என்கிறார். தம்பி சொல்லும் வரலாறு உண்மையா, அவரைத் தடுக்க வேண்டுமா, சட்டப்படி இந்தச் சிகிச்சை எங்காவது கிடைக்குமா என்று கேட்கிறார் சகோதரி.

அன்புள்ள சகோதரி,

உங்கள் தம்பி சொல்வதில் கணிசமான பகுதி உண்மை. அதை ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்கினால்தான் அவர் காது கொடுப்பார். "போதைக்கு அலையறான்" என்று ஆரம்பித்தால், நான்கு மாதம் படித்ததை எடுத்து வைத்து உங்களை வாயடைத்துவிடுவார். ஐந்து வருடம் மருந்து சாப்பிட்டும் வாழ்க்கை திரும்பவில்லை என்னும் ஒருவர் வேறு வழி தேடுவதில் தவறில்லை. அவர் கேட்டிருப்பது வரலாற்றின் முதல் பாதியை மட்டும். மறுபாதியையும் சொல்கிறேன்.

ரை என்னும் தானியக் கதிரில் எர்காட் என்றொரு பூஞ்சை வரும். நம் ஊர்க் கம்பங்கதிரில் வருகிற தேனொழுகல் நோய்க்கு அது நெருங்கிய சொந்தம். அந்தப் பூஞ்சையின் வேதிப்பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஆல்பர்ட் ஹாஃப்மன், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சாண்டோஸ் நிறுவனத்தில் 1938-இல் எல்.எஸ்.டி.யைத் தயாரித்தார். அது மனத்தை என்ன செய்யும் என்பது தெரிந்தது 1943 ஏப்ரலில், அவரே 250 மைக்ரோகிராம், அதாவது கால் மில்லிகிராம், சாப்பிட்டுப் பார்த்தபோது. 1947-இல் சூரிச்சின் வெர்னர் ஸ்டோல் இதைப் பற்றிய முதல் மனநல ஆய்வை வெளியிட்டார். பிறகு சாண்டோஸ் 'டெலிசிட்' என்ற பெயரில் 25 மைக்ரோகிராம் மாத்திரைகளாக மருத்துவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் அனுப்பியது. மனநல மருத்துவர் தானே சாப்பிட்டு நோயாளியின் உலகத்தைப் புரிந்துகொள்ளலாம் என்று அதன் குறிப்புத்தாளிலேயே போட்டிருந்தார்கள்.

கனடாவின் சஸ்காட்செவனில், வேபர்ன் மனநல மருத்துவமனையில் ஹம்ஃப்ரி ஆஸ்மண்டும், அவரோடு ஏப்ரம் ஹாஃபரும் 1953 முதல் குடிநோயாளிகளுக்கு எல்.எஸ்.டி. கொடுத்தார்கள். அவர்களின் தொடக்க எண்ணம் விசித்திரமானது. குடியை நிறுத்தும்போது சிலருக்கு நடுக்கமும் மாயக் காட்சிகளும் வரும். அந்தப் பயங்கரத்தை அனுபவித்தபின் சிலர் குடியைத் தொடுவதே இல்லை. அதே பயத்தை மருந்தால் உண்டாக்கினால் என்ன என்று நினைத்தார்கள். நடந்தது வேறு. குடியை விட்டவர்கள் பயத்தைப் பற்றிப் பேசவில்லை. தன்னையே புதிதாகப் பார்த்ததாகச் சொன்னார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் தேறினார்கள் என்று ஹாஃபர் எழுதினார். 'சைக்கடெலிக்' என்ற சொல்லை உண்டாக்கியவரும் ஆஸ்மண்ட்தான்.

தம்பி சொல்லும் 40,000 என்ற எண் இந்தக் காலத்துக்குரியது. 1950-க்கும் 60-களின் நடுப்பகுதிக்கும் இடையில் சுமார் 40,000 நோயாளிகளுக்கு இம்மருந்துகள் கொடுக்கப்பட்டன, ஆயிரத்துக்கு மேல் கட்டுரைகள் வந்தன என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. கொடுக்கப்பட்டது என்பதுதான் அதிலுள்ள செய்தி, குணமானார்கள் என்பதல்ல. அந்தக் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒப்பீட்டுக் குழுவே இல்லாதவை. மருந்து கொடுத்தவரே "தேறிவிட்டார்" என்று குறித்துக்கொண்டார். மருந்து இல்லாமல் அதே கவனிப்பைக் கொடுத்திருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள் என்ற கேள்விக்கு அவற்றில் விடை கிடையாது.

மூடியது யார்?

1962-இல் அமெரிக்க மருந்துச் சட்டம் மாறியது. கருவிலிருந்த குழந்தைகளைப் பாதித்த தாலிடோமைடு மருந்தின் கொடுமைதான் அதற்குக் காரணம். அதுவரை ஒரு மருந்து ஆபத்தில்லாதது என்று காட்டினால் போதும். அதன்பின், அது வேலை செய்கிறது என்பதையும் முறையான ஒப்பீட்டு ஆய்வில் நிரூபிக்க வேண்டியிருந்தது. எல்.எஸ்.டி. ஆய்வு தடுமாறியது இந்த இடத்தில்தான். ஒப்பீட்டு ஆய்வில், மருந்து யாருக்கு, வெற்று மாத்திரை யாருக்கு என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியக் கூடாது. எல்.எஸ்.டி. சாப்பிட்டவருக்கு அரை மணி, ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும், பக்கத்தில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும். இந்தச் சிக்கல் இன்றுவரை தீரவில்லை.

முறையான ஒப்பீடு நடந்தபோது முடிவுகள் சோர்வாகவே வந்தன. டொரண்டோவில் 1966-இல் வெளியான ஆய்வில் 800 மைக்ரோகிராம் கொடுத்தும், ஒப்பீட்டுக் குழுவைவிட மேலான பலன் கிடைக்கவில்லை. விஸ்கான்சினில் 176 குடிநோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்விலும் வித்தியாசம் இல்லை. டொரண்டோவில் நோயாளிகளைப் படுக்கையோடு பட்டையால் கட்டியிருந்தார்கள். வேபர்னில் இருந்த இதமான சூழல் அங்கே இல்லை என்று ஆஸ்மண்டின் அணி எதிர்வாதம் செய்தது. அந்த வாதத்தில் பொருள் உண்டு. இந்த மருந்தின் விளைவை அறை, ஆள், எதிர்பார்ப்பு எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொடைக்கானல் பயணத்தைப் பேசும்போது மறுபடி வருவேன்.

அரசியலும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் டிமதி லியரி நடத்திய, போதைக் காளானின் வேதிப்பொருளான சைலோசைபின் பற்றிய ஆய்வு 1963-இல் அவருடைய பதவி நீக்கத்தோடு முடிந்தது. மருந்து தெருவுக்கு வந்தது. 1965-இல் சாண்டோஸ் விநியோகத்தை நிறுத்தியது. 1970-இல் அமெரிக்கா எல்.எஸ்.டி.யை மிகக் கடுமையான தடைப் பட்டியலில் வைத்தது, 1971-இல் ஐ.நா. உடன்படிக்கை வந்தது. ஆனால் தடைக்குப் பின்னும் மேரிலாந்து மனநல ஆராய்ச்சி மையத்தில் அரசு அனுமதியோடு ஆய்வு 70-களின் நடுப்பகுதிவரை நடந்தது. ஒரே நாளில் இழுத்து மூடிய கதை அல்ல இது. பழைய குடிநோய் ஆய்வுகளில் முறையாக நடந்த ஆறு ஆய்வுகளை, 536 பேர் விவரத்தோடு, 2012-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். முதல் மறுபரிசோதனையில் எல்.எஸ்.டி. பெற்றவர்களில் 59 சதவீதம் பேரும் மற்றவர்களில் 38 சதவீதம் பேரும் தேறியிருந்தார்கள். ஒரு வருடத்தில் அந்த வித்தியாசம் நிலைக்கவில்லை. தொடர்ந்து ஆராய்ந்திருக்க வேண்டிய மருந்து என்று இதை வைத்துச் சொல்லலாம். கண்டுபிடித்து ஒளித்துவைத்த மருந்து என்று சொல்ல முடியாது.

காணொளிகளில் அதிகம் வராத இன்னொரு பக்கமும் உண்டு. கென்டக்கியின் லெக்சிங்டனில், போதைக்கு அடிமையான கைதிகளுக்கு, பெரும்பாலும் கறுப்பினத்தவர், எழுபது நாளுக்கும் மேலாகத் தினமும் எல்.எஸ்.டி. கொடுத்தார்கள்; அதற்குப் பணம் அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.விடமிருந்து வந்தது. மாண்ட்ரியலில் ஈவன் கேமரன் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வும் பதற்றமும் என்று வந்தவர்களின் நினைவையே அழிக்கும் அளவுக்கு மின்அதிர்ச்சியும் மருந்துகளும் கொடுத்தார். இங்கிலாந்தின் பவிக் மருத்துவமனையில் எல்.எஸ்.டி. சிகிச்சை பெற்றவர்கள் சிலர் பல பத்தாண்டுகளுக்குப் பின் வழக்குப் போட்டு இழப்பீடு வாங்கினார்கள். இன்றைய ஆய்வுகளில் ஒப்புதல் படிவம் பக்கம் பக்கமாக நீள்வது இவர்கள் பட்ட பாட்டினால்தான்.

இப்போது என்ன நிரூபணமாகியிருக்கிறது?

2006-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் அணியின் சைலோசைபின் ஆய்வு வெளியானபின் இத்துறை மறுபடி சூடுபிடித்தது. அது நோயாளிகளிடம் நடந்ததல்ல. ஆர்வம் காட்டிய 135 பேரிலிருந்து வடிகட்டி எடுத்த, ஆரோக்கியமான 36 பேரிடம் நடந்தது. அத்தனை கவனிப்புக்கு நடுவிலும் அவர்களில் 11 பேருக்குக் கடுமையான பயம் ஏற்பட்டது.

மருந்துக்கு வழிப்படாத மனச்சோர்வு பற்றிய முக்கியமான ஆய்வு 2022-இல் வந்தது. 233 பேர். ஒரே ஒருமுறை 25 மி.கி., 10 மி.கி. அல்லது 1 மி.கி. சைலோசைபின் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் அறிகுறிகள் ஏறக்குறைய முழுதும் நீங்கியவர்கள் 25 மி.கி. குழுவில் 29 சதவீதம், மற்ற இரண்டிலும் 8, 9 சதவீதம். நல்ல வித்தியாசம்தான். ஆனால் 25 மி.கி. எடுத்தவர்களில் 12 வாரம்வரை பலன் நீடித்தது சுமார் 20 சதவீதம் பேருக்கு மட்டுமே. தற்கொலை எண்ணமோ தன்னைக் காயப்படுத்துவதோ மூன்று குழுக்களிலும் பதிவானது. அதற்கு முந்தைய வருடம் லண்டனில் 59 பேரிடம் சைலோசைபினையும் எஸ்சிட்டலோப்ராமையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். உங்கள் தம்பி சாப்பிடும் அதே மருந்து. முதன்மை அளவுகோலில் இரண்டுக்கும் நிச்சயமான வித்தியாசம் தெரியவில்லை.

இது நம்பிக்கை தரும் ஆராய்ச்சி, எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் பத்தில் மூன்று பேருக்குப் பலன் தந்த, அதிலும் பலருக்கு மூன்று மாதத்தில் தேய்ந்துபோன சிகிச்சையை "நிரூபித்துவிட்டார்கள்" என்று சொல்வது அதிகம்.

உங்கள் தம்பிக்கு ஏன் ஆபத்து?

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தவை மூன்று விஷயங்கள்.

தாய்மாமா. அவருக்கு வந்தது மனச்சிதைவோ (ஸ்கிசோஃப்ரினியா) இருதுருவ நோயோ (மிதமிஞ்சிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) என்றால், அப்படிப்பட்ட குடும்ப வரலாறு உள்ளவர்களைப் பெரும்பாலான ஆய்வுகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அவர்கள் ஆராயும் நோய் தம்பிக்கு இருந்தாலும் சேர்க்க மாட்டார்கள். மனப்பிறழ்வுக்கு, அதாவது நிஜம் எது என்று பிரித்தறிய முடியாத நிலைக்கு, உள்ளூர வாய்ப்பிருப்பவரிடம் இம்மருந்து அதைக் கிளப்பிவிடலாம் என்ற அச்சம்தான் காரணம். 29 வயது அந்த ஆபத்தைத் தாண்டிவிட்ட வயதும் அல்ல. 1960-லேயே சிட்னி கோஹன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இம்மருந்துகளை எடுத்த சுமார் 5,000 பேரின் விவரங்களைத் தொகுத்தபோது, 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்த மனப்பிறழ்வு ஆரோக்கியமானவர்களைவிட நோயாளிகளிடமே கூடுதலாக இருந்தது. நோயாளிகளில் ஆயிரத்துக்கு இரண்டு பேருக்குச் சற்றுக் குறைவு. சிறிய எண்தான், ஆனால் அது மருத்துவர் பக்கத்தில் இருந்தபோது கிடைத்த எண். அம்மாவிடம் உட்கார்ந்து, மாமாவுக்கு என்ன நோய் என்று சொன்னார்கள், என்ன மருந்து கொடுத்தார்கள், மறுபடி வந்ததா என்று கேட்டு எழுதி வையுங்கள். கூச்சம் பார்க்காதீர்கள். தம்பியின் மருத்துவருக்கும் இது தெரிய வேண்டும். ஒருவேளை தம்பிக்கு இருப்பதே வெறும் மனச்சோர்வாக இல்லாமல் இருதுருவ நோயின் ஒரு முகமாக இருந்தால், சிகிச்சை முறையே மாறும்.

லித்தியம். லித்தியத்தோடு எல்.எஸ்.டி.யோ சைலோசைபினோ சேர்ந்தபோது வலிப்பு வந்ததாகக் கவலைப்படும் அளவுக்குத் தகவல்கள் வந்திருக்கின்றன. தம்பிக்கும் இது தெரிந்திருக்கலாம், அதனால்தான் நிறுத்தும் திட்டமோ என்னவோ. ஆனால் லித்தியத்தைத் திடீரென்று நிறுத்துவது வேறு குழியில் விழுவது. குறிப்பாக இருதுருவ நோய் இருந்தால், நோய் வேகமாகத் திரும்பும், தற்கொலை ஆபத்தும் கூடும். எஸ்சிட்டலோப்ராம் 20 மி.கி.யைச் சட்டென்று விட்டால் தலைசுற்றல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, தூக்கமின்மை, எரிச்சல், அழுகை எல்லாம் சில நாளில் தொடங்கும். அப்படிப்பட்ட நிலையில் ஒருவர் மலைமேல் போய் மனத்தைத் திறக்கும் பொருளைச் சாப்பிடுகிறார் என்று யோசித்துப் பாருங்கள். ஆய்வுகளிலும் பழைய மருந்தை நிறுத்துகிறார்கள்தான். வாரக்கணக்கில், மெல்ல மெல்ல, மருத்துவர் கண்பார்வையில்.

காளான். ஆய்வில் கொடுப்பது ஆய்வகத்தில் தயாரித்த 25 மி.கி. சைலோசைபின், துல்லியமாக அளந்தது. காட்டுக் காளானில் ஒன்றுக்கொன்று பல மடங்கு வித்தியாசம் இருக்கும், ஒரே இடத்தில் பறித்ததிலும். அதைவிட மோசம் ஆள் மாறாட்டம். சிறிய பழுப்பு நிறக் காளான்களில் சில கல்லீரலைக் கொல்லும் நஞ்சுள்ளவை. அந்த நஞ்சு ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான் வாந்தி, பேதியாகத் தெரியும். இரண்டாம் நாள் தேறியது போலத் தோன்றும். பிறகு கல்லீரல் செயலிழக்கும்.

முன்பு சொன்ன டொரண்டோ, வேபர்ன் வித்தியாசத்துக்கு இப்போது வருகிறேன். ஆய்வில் மருந்துக்கு முன் பல மணி நேரம் பேசிப் பழகுகிறார்கள். மருந்து நாளில் இரண்டு பயிற்சி பெற்றவர்கள் ஆறு முதல் எட்டு மணி நேரம் கூடவே இருக்கிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். முடிந்தபின் மறுபடி பல அமர்வுகள். நண்பர்களும் அதே காளானைச் சாப்பிட்டிருக்கும் ஒரு தங்கும் விடுதி அறையில் இவற்றில் எதுவுமே கிடையாது. தம்பி நம்புகிற ஆராய்ச்சியே, சூழல்தான் பாதி மருந்து என்று சொல்கிறது. இந்த ஒரு வாதம் அவரிடம் எடுபடும் என்று நினைக்கிறேன்.

சட்டம்

"காளான் இயற்கையாக முளைப்பது, சட்டத்தில் வராது" என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். சைலோசைபின் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் மனமயக்கப் பொருள் பட்டியலில் இருக்கிறது. உட்கொண்டாலே ஆறு மாதம்வரை சிறை அல்லது 10,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். வைத்திருந்தால் அளவைப் பொறுத்துத் தண்டனை கூடும். 2025-இல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் வழக்கில், காளானின் மொத்த எடையைச் சைலோசைபின் எடையாகக் கொள்ளக் கூடாது என்றது. அது எடைக் கணக்கைப் பற்றியது, சாப்பிட அனுமதி அல்ல.

சட்டப்படி எங்கே கிடைக்கும் என்று கேட்டீர்கள். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்கள் மருந்துக்கு வழிப்படாத மனச்சோர்வுக்குச் சைலோசைபின் கொடுக்கலாம். இந்தியாவில் அது சிகிச்சையாக அனுமதிக்கப்படவில்லை. இங்கே சட்டப்படி கிடைக்கக்கூடிய நெருங்கிய மாற்று கெட்டமைன். பழைய மயக்க மருந்துதான். கிலோ எடைக்கு 0.5 மி.கி. வீதம் 40 நிமிடத்தில் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். சிலருக்கு ஒரே நாளில் மனம் லேசாகும். பலன் பலருக்குச் சில நாள்களே நிற்பதால் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். ரத்த அழுத்தம் ஏறும். மனப்பிறழ்வு வாய்ப்புள்ளவருக்கு இதிலும் எச்சரிக்கை தேவை. கண்காணிப்பு வசதியுள்ள மருத்துவமனையில் மட்டுமே எடுக்க வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

பயணத் தேதிக்கு முன்பே மருத்துவரிடம் ஒரு நீண்ட நேரச் சந்திப்பு கேளுங்கள், தம்பியையும் அழைத்துக்கொண்டு. காளான் திட்டத்தை ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள். செர்ட்ராலின் எவ்வளவு மி.கி., எத்தனை வாரம் எடுத்தார் என்று பழைய சீட்டுகளைத் தேடி எடுத்துப் போங்கள். 50 மி.கி. மூன்று வாரம் சாப்பிட்டு நிறுத்தியிருந்தால் அதைத் தோல்வி என்றே கணக்கில் எடுக்க முடியாது. லித்தியம் ரத்த அளவை, கடைசி மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம் கழித்து எடுத்தார்களா? 600 மி.கி.யில் பலருக்கு ரத்த அளவு, பலன் தரத் தேவையான 0.6-ஐயே எட்டாது. அப்படியானால் லித்தியம் இன்னும் முழு அளவில் சோதிக்கப்படவே இல்லை என்று பொருள். தைராய்டு பரிசோதனையும் கேளுங்கள். மந்தம், உயிரில்லாத உணர்வுக்கு அதுவும் காரணமாகலாம், லித்தியமே தைராய்டைக் குறைக்கலாம். இவற்றோடு வேறு வகை மனச்சோர்வு மருந்து, முறையான பேச்சு சிகிச்சை, கடுமையாக இருந்தால் மயக்க மருந்தோடு கொடுக்கும் மின்அதிர்ச்சி சிகிச்சை எல்லாம் இன்னும் மிச்சமிருக்கின்றன. முதல் மருந்திலேயே முழுதாகத் தேறுபவர்கள் மூன்றில் ஒருவர்தான். இரண்டில் கேட்கவில்லை என்பது வழி முடிந்துவிட்டது என்று ஆகாது.

அம்மாவிடம் அழுத்தமாகச் சொல்லுங்கள்: காபியில் கலப்பது கூடவே கூடாது. லித்தியத்துக்குப் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. தம்பி தானும் ஒரு மாத்திரை போட்டு, காபியிலும் ஒன்று போனால் கைநடுக்கம், வாந்தி, தள்ளாட்டம், குழப்பம் என்று போய் சிறுநீரகம் வரை பாதிக்கும். ஒருநாள் அவருக்குத் தெரிந்துவிட்டால் அந்த வீட்டில் காபிகூடக் குடிக்க மாட்டார்.

தடுக்க வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு: தடுக்க முயலுங்கள், பேச்சால். அவர் வயது வந்தவர், யோசித்து முடிவெடுக்கக்கூடியவர். இப்படியொரு திட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டும் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி அவரைக் கட்டாயமாக மருத்துவமனையில் சேர்க்க முடியாது. மருத்துவர் அவருடைய விவரங்களை அவர் சம்மதமின்றி உங்களிடம் சொல்ல மாட்டார். ஆனால் நீங்கள் அறிந்ததை மருத்துவரிடம் சொல்லத் தடையில்லை. "போகாதே" என்பதைவிட, "மாமா விஷயத்தையும் லித்தியத்தையும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணு, நானும் வர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். சாக வேண்டும் போலிருக்கிறதா என்றும் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். எந்த நேரமும் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் போய்ச் சாப்பிட்டுவிட்டால், உங்களை அழைக்கத் தயங்காத உறவு இப்போதே இருக்க வேண்டும். திட்டாதீர்கள். வலிப்பு, நெஞ்சுவலி, ஆளே தெரியாத குழப்பம், ஆறு மணி நேரம் கழித்துத் தொடங்கும் வாந்தி, பேதி, ஒரு நாளுக்குப் பின்னும் போகாத மாயக் குரல், சந்தேகம், தூக்கமே இல்லாத பரபரப்பு, இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. போலீஸ் பயத்தில் காலம் கடத்த வேண்டாம். காளான் மிச்சமிருந்தால் ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். லித்தியமும் எஸ்சிட்டலோப்ராமும் எடுப்பவர், கடைசியாக எப்போது எடுத்தார் என்பதை அங்கே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.